எது மேலே, எது கீழே: பழைய குவாரிச் சுவரைப் படிப்பது எப்படி?

எங்கள் ஊரில் கல் கிடையாது. திருவையாற்றைச் சுற்றி எங்கே தோண்டினாலும் மண்தான். அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வெளியூரிலிருந்து வந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல்லை வெளியே இருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் பள்ளியில் ‘பாறை அடுக்குகள்’ என்று பாடம் நடத்தியபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஏறியது ரொம்பப் பிற்பாடு, அக்கா வீட்டுக் கொல்லையில் போர் போட்ட அன்றைக்கு.

போர் போட வந்தவர், சேற்றுத் தண்ணீரோடு மேலே வருகிற மண்ணில் பத்தடிக்கு ஒரு கை அள்ளி, வேலி ஓரமாக வரிசையாகக் குவித்துக்கொண்டே போனார். முதல் குவியல் சாம்பல் நிற வண்டல். அடுத்தது விரலை விடாமல் ஒட்டுகிற களி. அப்புறம் குறுமணல், மறுபடியும் களி, அதற்குப் பிறகு பொடிக் கூழாங்கல் கலந்த பருமணல். எட்டாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் ஏதாவது சிப்பி கிடைக்குமா என்று குவியல்களைக் கிளறப் போனாள்.

“பாப்பா, அதைக் கலைக்காதே. வரிசை போயிட்டா எத்தனாவது அடியில மணல் இருக்குன்னு எனக்கே தெரியாது. அப்புறம் ஃபில்டர் பைப்பை எங்க எறக்குறது?” என்றார் அவர்.

நிலத்தின் அடுக்குகளைப் படிக்கிற துறைக்கு அடுக்கியல் என்று பெயர். அதன் முதல் பாடமும் இதுதான். ஆனால் முதன்முதலாகப் பார்க்கிற யாரும் வரிசையைக் கேட்பதில்லை. “அந்தக் களிக்கு எவ்வளவு வயசு மாமா?” என்றுதான் இவளும் கேட்டாள். வயசு பிறகு. எது மூத்தது, எது இளையது என்பது முதலில். ஒரு வீட்டில் அண்ணன் யார், தம்பி யார் என்று தெரிந்துகொள்ள ஜாதகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

போர்க்குழிக்குள் நாம் எட்டிப் பார்க்க முடியாது. அடுக்குகளை அப்படியே நிற்கிற நிலையில் பார்க்க வேண்டுமானால் ஆழமாக வெட்டிய ஒரு சுவர் வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு அதற்குத் தோதான இடம் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. திருமானூர் பாலம் தாண்டி, கீழப்பழுவூர் வழியாக அரியலூர் போகிற சாலையில் வாழையும் நெல்லும் பின்னால் போய், கரிசல் மண்ணும் பருத்தியும் சிமென்ட் லாரியும் வந்துவிடும். அந்தப் பக்கத்தில், வேலை நின்றுபோன ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்கு அக்கா மகளைக் கூட்டிப்போனேன். காவலுக்கு இருந்த பெரியவர், “ஓரத்துக்குப் போகாதீங்க தம்பி, வெளிம்பு சரியும்” என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். அவர் சொன்னதை வேடிக்கைக்காகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். கைவிட்ட குவாரியில் சுவர் உதிரும், குழியில் நிற்கிற பச்சைத் தண்ணீருக்கு ஆழம் தெரியாது. அனுமதி இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது.

சுவர் இப்படி இருந்தது. உச்சியில் இடுப்பளவு கரிசல், அதில் புல் வேர் தொங்கியது. அதன் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் உருண்டைகள். அதற்கும் கீழே மஞ்சளும் பழுப்புமாக, துரு ஏறிய தகரம் மாதிரி நிறமுள்ள சுண்ணாம்புப் பாறை, இரண்டு ஆள் உயரத்துக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சொரசொரப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு முழுக்கச் சிப்பி. ஒன்றின்மேல் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல். அதன் அடியில் சிப்பி குறைந்து மணல் மிகுந்த இன்னொரு படுகை.

இதை எப்படிப் படிப்பது? கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வடிந்தபின் படுகை வாழைத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். பழைய மண்ணின்மேல் புதுவண்டல் ஒரு விரற்கடை படிந்திருக்கும். அடுத்த வெள்ளத்தின் வண்டல் இதன்மேல்தான் படியும், இதன் கீழே நுழையாது. ஆக, அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இதை மேற்பொருந்தல் விதி என்பார்கள். டென்மார்க்கில் பிறந்த நிக்கோலஸ் ஸ்டெனோ இத்தாலியில் இருந்தபோது 1669-இல் இதை எழுதினார். இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு ஒரு விதியா என்று தோன்றும். ஆனால் அதற்கு முன் மலையில் கிடைத்த சிப்பிகளைப் பார்த்தவர்களில் பலர் அவை கல்லுக்குள்ளேயே தானாக முளைத்தவை என்று நம்பினார்கள். ஸ்டெனோ இன்னும் இரண்டு சொன்னார். நீரில் படிகிற அடுக்கு ஏறக்குறைய மட்டமாகத்தான் படியும், அது சாய்ந்திருந்தால் படிந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது. ஓர் அடுக்கு பக்கவாட்டில் வெகுதூரம் பரவியிருக்கும், நடுவில் ஆறு அறுத்துவிட்டாலும் அக்கரையில் அதே அடுக்கைத் தேடலாம். இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியில் நான் விழுந்தேன். குவாரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மண்மேடு. அதன் உச்சியில் கனமான ஒரு சிப்பியைக் கண்டு, “பார், மேலே இருக்கிறது. அதனால் இங்கே இருப்பதிலேயே இளையது இதுதான்” என்று அக்கா மகளுக்குப் பாடம் எடுத்தேன். காவல்காரப் பெரியவர் சிரித்தார். “அது நாங்க வெட்டிக் கொட்டின மேடு தம்பி.” குவாரியில் முதலில் வெட்டுவது மேல்மண். அதுதான் முதலில் கொட்டப்படும். ஆழத்துக் கல் கடைசியில் வரும், மேட்டின் உச்சிக்குப் போகும். வரிசை அப்படியே தலைகீழ். ஏரியைத் தூர்வாரிக் கரையில் போட்ட மண்ணும் இப்படித்தான். அதனால் ஒரு சிப்பி எந்த அடுக்கில் பதிந்திருந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு. உதிர்ந்து கிடப்பது அழகுப் பொருள், அவ்வளவுதான். புதைபடிவத்தைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம்.

சரி, இந்தச் சிப்பிகள் என்ன? பெரும்பாலும் கிரிஃபியா என்ற ஆளிச் சிப்பி வகை. இரண்டு ஓடுகளில் ஒன்று கிண்ணம்போலக் குழிந்து தடித்திருக்கும், மற்றது அதன்மேல் மூடி மாதிரி. ஓட்டின் விளிம்பை உற்றுப் பார்த்தால் பரோட்டாவைப் பிய்த்தது போல ஏடு ஏடாகத் தெரியும். அதுவும் ஓர் அடுக்குதான், அந்தப் பிராணி வளர வளர உள்ளிருந்து பூசிக்கொண்டே வந்தது. உள்ளங்கையில் வைத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். சுண்ணாம்புதானா என்று சந்தேகமிருந்தால் உதிர்ந்த பொடியில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள், நுரைக்கும். நம் பக்கத்தில் கிளிஞ்சலைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அரியலூரில் கடலடிச் சிப்பி மேட்டை வெட்டி சிமென்ட் செய்கிறார்கள். சரக்கு ஒன்றுதான், பழமைதான் வேறு.

எல்லா உயிரும் இப்படி அப்படியே தங்குவதில்லை. கிரிஃபியா ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவால் ஆனது, எளிதில் கரையாது. அமோனைட் என்ற, சுருள் ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான பிராணியின் ஓடு அரகோனைட் என்ற இன்னொரு சுண்ணாம்புத் தாதுவால் ஆனது, அது கரைந்துபோகும். அப்படியானால் நமக்குக் கிடைக்கிற அமோனைட் எது? இதற்குச் சுவாமிமலைக்குப் போக வேண்டும். ஸ்தபதி முதலில் மெழுகில் சிலை செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார். சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியேறும், உள்ளே சிலையின் வடிவத்தில் வெற்றிடம் நிற்கும். அதில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார். கடலடியில் மெழுகுக்குப் பதில் ஓடு. சேறு மூடுகிறது, இறுகுகிறது, ஓடு கரைந்து போகிறது, அந்த வெற்றிடத்தில் நிலத்தடி நீரில் கரைந்து வந்த தாதுக்கள் நிரம்பி இறுகுகின்றன. இதற்கு வார்ப்பு என்றே பெயர். இன்னொரு வகையும் உண்டு. ஓடு கரைவதற்கு முன்பே சேறு உள்ளே புகுந்து நிரம்பிவிடும். பிறகு ஓடு போனாலும் உள்ளே இருந்த சேறு கல்லாகி நிற்கும், கொட்டாங்கச்சியில் ஊற்றி எடுத்த வெல்லம் மாதிரி. அதை உள்அச்சு என்கிறார்கள்.

அமோனைட்டை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், பெயர்தான் தெரியாது. பெருமாள் சந்நிதியிலும் சில வீட்டுப் பூஜை அறையிலும் இருக்கிற சாளக்கிராமத்தில் தெரியும் சக்கரம், பெரும்பாலும் அமோனைட்டின் சுருள்தான். அவை நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பவை, அரியலூர் அடுக்குகளைவிடப் பழையவை.

மரம் கல்லாவது வேறு விதம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குச் சொன்னார். பூக்காத, ஊசியிலை மர இனம். கரையில் நின்ற மரம் அடித்துக்கொண்டு போய்க் கடலில் மூழ்கிப் புதைந்தது. கட்டையின் நுண்ணிய அறைகளுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, உள்ளிருந்து கல்லாக்கியது. ஊற்றி எடுத்த வார்ப்பு அல்ல, ஊறி இறுகியது. அதனால் மரத்தின் உள்ளமைப்பும் அழியாமல் நின்றது.

இப்போது வரிசைக்கு வருவோம். ஒரு குவாரியில் மேல் கீழ் தெரிந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குவாரி. அங்கேயும் மஞ்சள் சுண்ணாம்புக்கல். இரண்டும் ஒரே அடுக்கா? நிறத்தை நம்ப முடியாது, மஞ்சள் கல் எந்தக் காலத்திலும் உருவாகும். புதைபடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது. குடமுருட்டிக் கரை இடிந்த இடத்தில் ஒரு நாள் பார்த்தேன், இரண்டு வண்டல் படிவுக்கு நடுவே ஒரு ஷாம்பு பாக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. ஷாம்பு பாக்கெட் ஊரெங்கும் பரவியது 1980-களில். ஆக, அந்த அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வெண்ணாற்றுக் கரையிலும் அதே அச்சிட்ட பாக்கெட் கிடைத்தால் இரண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒரே காலம். இதில் சூட்சுமம், பொருள் கொஞ்ச காலமே புழங்கியிருக்க வேண்டும், ஆனால் எங்கும் பரவியிருக்க வேண்டும். மண்பானை ஓடு இதற்கு உதவாது, அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. அமோனைட் இனங்கள் ஷாம்பு பாக்கெட் மாதிரி. ஒவ்வோர் இனமும் சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் மறைந்தது, கடலில் நீந்தி எங்கும் போனது. இவற்றை வழிகாட்டிப் புதைபடிவங்கள் என்கிறார்கள். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலையில் அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித் இந்த முறையில்தான் அடுக்குகளைப் பொருத்தி, 1815-இல் அந்நாட்டுக்குப் புவியியல் வரைபடம் போட்டார்.

நம் பக்கத்தில் இதே வேலை நடந்தது 1840-களிலிருந்து. அந்த வேலையால் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்கள் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக உலகப் புவியியலில் நிலைத்துவிட்டன. புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த சிப்பிகளையும் அமோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். நம் ஊர் பஸ் கண்டக்டர் கத்துகிற ஊர்ப் பெயர்களை வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நாக்கு சுளுக்கிக்கொண்டு உச்சரிப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் குஷிதான்.

இந்த அடுக்குகள் மட்டமாக இல்லை, கிழக்கே லேசாகச் சரிந்திருக்கின்றன. சரிந்த புத்தகக் கட்டின் மேல் நடப்பதுபோல, மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக இளைய அடுக்குகள் தரைக்கு வருகின்றன. மேற்கு ஓரத்தில் எல்லாவற்றுக்கும் அடித்தளமான, உயிரின் தடமில்லாத பழம்பாறை. அதன்மேல் கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். 1953-இல் பெயர்ப்பலகைக்காகப் போராட்டம் நடந்த அதே கல்லக்குடிதான். அங்கே பவளப்பாறை இருந்தது, அதாவது வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல், வயது 10 கோடி ஆண்டுக்கு மேல். அடுத்து காரை. செம்மண் பள்ளத்தாக்குகளாக மழை அறுத்துப்போட்ட களிப்பாறை, இடையிடையே கண்ணாடிபோல மின்னும் ஜிப்சம் பட்டைகள், தோட்டா வடிவத்தில் பெலெம்னைட்டுகள். அவை கணவாய் மாதிரியான பிராணியின் உடலுக்குள் இருந்த தண்டு. அப்புறம் கருடமங்கலம், சிப்பி நிறைந்த, மெருகேற்றினால் பளபளக்கும் கல், சுமார் 9 கோடி ஆண்டு. பிறகு சில்லக்குடி, 8 கோடியை ஒட்டி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிற கல்லங்குறிச்சி, 7 கோடியை ஒட்டி. நாங்கள் பார்த்த ஆளிச் சிப்பி மேடு இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான்.

அதற்கடுத்து கல்லமேடு. இங்கே கடல் சிப்பி இல்லை. கடல் பின்வாங்கி, ஆறு மணலும் களியும் கொட்டிய இடம், டைனோசர் எலும்பு கிடைக்கிற இடம். 1980-களில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிடப்பட்ட பிரம்மாண்டமான விலங்கின் எலும்புகள் இங்கிருந்துதான் வந்தன. ஆனால் அவை சிதைந்து போய்விட்டன. மிச்சம் வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும்தான், அதனால் அதன் அளவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்று. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் பறந்தது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, அமோனைட்டைச் சுற்றிக் களி இறுகி உருண்ட கற்கள் என்றார்கள். அமோனைட் வாழ்ந்த கடலடியில் டைனோசர் எப்படி முட்டையிடும்? அடுக்கைக் கேட்டிருந்தாலே பதில் கிடைத்திருக்கும்.

கல்லமேட்டுக்கு மேல் நின்னியூர். கடல் மறுபடி வந்துவிட்டது, சிப்பிகளும் வந்துவிட்டன. அமோனைட் மட்டும் இல்லை, ஒன்றுகூட இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ அந்த 6.6 கோடி ஆண்டு எல்லை போகிறது, மெக்சிகோவில் விண்கல் விழுந்து டைனோசர்களும் அமோனைட்டுகளும் அழிந்த காலம். நின்னியூருக்குக் கிழக்கே சிவப்பு மணற்பாறை வந்துவிடும், வல்லத்துச் செம்மேட்டின் உறவு. ஆனால் இவற்றுக்கு நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கான அடுக்கே தரையில் இல்லை. ஒன்று படியவே இல்லை, அல்லது படிந்தது அரித்துப் போயிற்று. இப்படிப்பட்ட இடைவெளிக்கு ஒவ்வாப்படிவு என்று பெயர். வரிசை சரியாக இருக்கும், நடுவில் பக்கங்கள் கிழிந்திருக்கும்.

கோடிக் கணக்கை எப்படிச் சொல்கிறார்கள் என்று இப்போது கேட்கலாம். கார்பன் முறை இதற்கு ஆகாது. கார்பன் 14-இல் பாதி 5,730 ஆண்டில் சிதைந்துவிடும், 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. எங்கள் கொல்லைக் களியில் புதைந்த கட்டைக்குச் சரி, குவாரிக்குச் சரியில்லை. இங்கே உதவுவது எரிமலைச் சாம்பல். அதிலுள்ள யுரேனியம், பொட்டாசியம் போன்றவை மெதுவாக, மாறாத வேகத்தில் சிதைகின்றன, சிதைந்தது எவ்வளவு, சிதையாதது எவ்வளவு என்று அளந்து ஆண்டு சொல்வார்கள். உலகில் எங்கோ ஓரிடத்தில் ஓர் அமோனைட் இனம் இரண்டு சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கிடைத்தால் அதன் காலம் தெரிந்துவிடும். அதே இனம் காரையில் கிடைத்தால் காரைக்கும் அந்தக் காலம். ஆண்டைக் கொண்டுவந்து சேர்ப்பதும் வரிசைதான்.

திரும்பி வரும்போது வாரணவாசி அருங்காட்சியகத்தில் இறங்கினோம். சிரமமில்லாமல் அமோனைட்டைப் பார்க்க அதுவே நல்ல இடம். கொள்ளிடம் பாலத்தில் அக்கா மகள் கேட்டாள்: “கிழக்கே சரியுதுன்னா, அதெல்லாம் அப்புறம் எங்க போகுது மாமா?”

நம் வயலுக்கு அடியில்தான் போகிறது. இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து பிரியத் தொடங்கியபோது இந்தக் கரையோரம் உடைந்து தாழ்ந்து பெரிய பள்ளமானது. அதில்தான் அடுக்குகள் குவிந்தன, ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல். நரிமணத்தில் எண்ணெய்க்குத் துளையிட்டவர்கள் எங்கள் போர்க்காரரைப் போலவே ஆழத்துக்கு ஆழம் துகள்களை எடுத்து வரிசையாக வைத்தார்கள். துளைக்குள்ளிருந்து முழு அமோனைட் வராது. அதனால் பொடி மணல் அளவே உள்ள கடலுயிரிகளின் ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்து அடுக்கைப் பொருத்துகிறார்கள். அப்படிப் பிரித்த அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்கள்: குடவாசல், நன்னிலம், கமலாபுரம், காரைக்கால், திருப்பூண்டி, நிரவி. அரியலூர் தரையில் கிழிந்துபோன பக்கங்களில் சில, காரைக்கால், நிரவி என்ற பெயர்களில் கீழே பத்திரமாக இருக்கின்றன.

“நன்னிலமா? பாட்டி ஊரு!” என்றாள். ஆமாம், சில்லக்குடியில் நாம் மிதித்து நடக்கிற அதே காலத்து அடுக்கு, பாட்டி ஊருக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் வேலி ஓரம் பார்த்தாள். குவியல்களைப் படம் வரைந்து வைக்க வேண்டுமாம். அக்கா அன்று காலையில்தான் எல்லாவற்றையும் விளக்குமாற்றால் ஒன்றாகக் கூட்டி மல்லிகைப் பாத்தியில் கொட்டியிருந்தாள்.